டைரி என்று சொல்லியிருக்கக் கூடாது

ஓசூரில் அந்த பிரவுசிங் சென்டர் கதவைத் திறந்தால் ஏசி குளிரோடு ஊதுபத்தி வாசனையும் வரும். கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டதும் நான் அங்கேதான்...

கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் மஞ்சுளா, அஞ்செட்டிப் பக்கம். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சென்டருக்கு அவளும் கூட வருவாள், பாட்டு கேட்க.

"வாராவாரம் என்னத்தடி தட்டிக்கிட்டே இருக்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் எழுதியது பிளாக். அப்போது அதற்குத் தமிழில் வலைப்பூ என்று பெயர். இந்த ஊரில் பூ என்றால் பெட்டியில் அடுக்கி லாரி ஏறும் ரோஜாதான். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை ஏது?

"டைரி மாதிரிடி. நெட்ல எழுதறேன்" என்று பக்கத்தின் பெயரையும் சொன்னேன். படி என்று சொல்லத்தான் கூச்சம்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஆபரேஷன். லீவு கிடைக்கவில்லை. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை, எல்லாவற்றையும் அங்கே எழுதினேன். மஞ்சுளா படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

கேட்கவே இல்லை.

கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்வதையே நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு வீம்பு...

கல்யாணத்துக்காக அவள் ஹாஸ்டலைக் காலி செய்த அன்று மனசு கேட்காமல் கேட்டேன்.

"ஒரு நாளாச்சும் நான் எழுதனத படிச்சியாடி?"

"டைரியப் போயி யாராச்சும் படிப்பாங்களா? என்னை அப்படிப்பட்டவளாவா நெனச்ச?"

நிஜமாகவே அவளுக்குக் கோபம். அடுத்தவள் பெட்டி, போன், டைரி, இதையெல்லாம் தொடாமல் இருந்ததால்தான் அந்த ரூமில் ஆறு பேர் சண்டையில்லாமல் இருந்தோம். என் பக்கத்தில் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பதைச் சொல்லாமலே அவளை அனுப்பிவைத்தேன்.

இப்போது ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், நினைத்ததும் போனிலேயே எழுதலாம். பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. பதிவு, போஸ்ட், ஸ்டோரி... போச்சம்பள்ளியில் வேலைக்குப் போகும் அக்கா மகள், "சித்தி, உங்க கன்டென்ட் சூப்பர்" என்கிறாள். எனக்கு அது டப்பாவில் அடைத்த சரக்கு மாதிரி கேட்கிறது. டைரி என்றாலோ ஆட்கள் விலகிப் போய்விடுகிறார்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும். சேதி என்று சொன்னால் என்ன?

போன மாதம் அந்தப் பழைய பக்கத்தை மஞ்சுளாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது டைரி இல்லடி, உனக்குச் சொல்ல நெனச்ச சேதி. படி."

ரொம்ப நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பக்கத்துக் கட்டில்ல தானடி படுத்திருந்தேன்... எழுப்பியிருக்கக் கூடாதா? அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

உடனே அவளுக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும் போனைப் பக்கத்தில் இருந்த அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.