ரங்கையா மாஸ்டரும் அடங்காத கோரையும்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது: ஆவடிக்குப் பக்கத்தில் உள்ள நமது சின்ன ஸ்டேஷனின் பிளாட்பாரத் தோட்டத்தில், கோரைப்புல் யாருடைய உத்தரவும் பெறாமல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. மேன்மை தங்கிய ரயில் கம்பெனியார் இதுவரை வாய் திறக்கவில்லை.

காரணத்தை, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் முனிசாமி அண்ணன்தான் சொன்னார். பள்ளிக்கூட லீவு முடிந்து காலை வண்டிக்கு வந்த நான், "இன்னா அண்ணாத்தே, தோட்டத்துக்குச் சவரம் பண்ண ஆளில்லியா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பண்றவரு, நம்ப மாஸ்டரு, பூட்டாருப்பா. போன மாசம், காய்ச்சல்ல."

வண்டி வந்தது, போனது. நான் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தேன்.

கூட வண்டியேறும் நண்பர்களே, ஸ்டேஷன் மாஸ்டர் ரங்கையாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய நிரந்தரக் கைதியான எனக்குத் தெரிந்த அளவு தெரியாது. மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை வண்டி வருமுன்னே அடித்து, ஜனங்களை மூட்டை முடிச்சோடு ஓடவிட்டவன் நான். அகப்பட்டேன். அவருடைய சட்டத்தில் ஒரே தண்டனைதான்: அடுத்த வண்டி வரும்வரை கோரை பிடுங்க வேண்டும். கிழங்கோடு பிடுங்கிக் காட்ட வேண்டும். கிழங்கு மண்ணுக்குள் தங்கினால் கோரை மறுபடி தலை தூக்கிவிடும்.

"தோட்டத்துல களை இருந்தாத்தானே மாஸ்டர், ஸ்டேஷனுக்கே ஒரு களை?" என்றேன்.

"மொதல்ல உன் வாய்ல கீற களைய எடு நைனா. அப்பால குனி."

தரையோ கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்காக நானா தோற்பேன்? எங்கள் வெள்ளானூர் ஏரிக்கரைச் சேற்றில் கோரைக் கிழங்கு இழுத்த இழுப்புக்கு வரும். பை நிறையக் கொண்டுவந்தேன். தோட்டத்துக் கோரையின் தலையை மட்டும் கிள்ளிவிட்டு, ஏரிக் கிழங்கை அவரிடம் காட்டி, எருக்குழியில் வீசிவிடுவேன். என்னைப் போல் அகப்பட்ட சக கைதிகளுக்கும் தாராளமாக வழங்கினேன். அந்த எருவைத்தான் மாஸ்டர், மழைக்கு முன் பாத்தி முழுக்கத் தூவினார்.

மழை பெய்தது. காசித்தும்பையும் துலுக்கச் சாமந்தியும் இருந்த இடமெல்லாம் கோரை. ஸ்டேஷன் தோட்டப் போட்டிக்காகக் கம்பெனித் துரை பார்வையிட வரும் நேரம் அது. அந்தப் போட்டியின் பரிசுக் கேடயத்துக்காக வருஷம் முழுக்கத் தன் கையாலேயே தண்ணீர் சுமந்தவர் மாஸ்டர். எங்களைக் கூப்பிட்டுத் தோலை உரித்துவிடுவார் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். அவர் கத்தரியோடு வந்தார். கோரையை ஒரே மட்டமாக வெட்டினார். சுற்றிலும் கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்தார். துரை வந்து "இது என்ன?" என்று கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்தி, "புல்தரை, சார்" என்றார்.

கேடயம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. முனிசாமி அண்ணன்தான் முகம் வாடினார்.

"போவட்டும் முனிசாமி," என்றார் மாஸ்டர். "ரெண்டு நாள் தண்ணி ஊத்தலேன்னா அவுங்க பூவு காலி. நம்பள்த எவனாச்சும் சாவடிச்சிப் பாக்கட்டுமே!"

அதற்குப் பிறகு அவர் எங்களைக் கோரை பிடுங்கச் சொல்லவே இல்லை. வாராவாரம் அவரே வெட்டிவிடுவார். வண்டி தாமதமானால் நாம் எல்லோரும் காலை நீட்டிப் படுப்பது அந்தப் புல்லில்தான்.

இப்போது வந்திருக்கும் புது மாஸ்டர் உத்தரவு போட்டுவிட்டார்: கோரை அடியோடு சாக, எஞ்சினிலிருந்து வெந்நீர் பிடித்து ஊற்றி, மேலே கரிச்சாம்பலைக் கொட்ட வேண்டுமாம். கோரைக்காகக் கோரிக்கை வைக்கிற ஆளில்லை நான். "மொத வாளி என் முதுவுல ஊத்தட்டும் அண்ணாத்தே, அப்பால புல்லுல ஊத்தட்டும்" என்று முனிசாமி அண்ணனிடம் சபதமே செய்தேன். ரங்கையா மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் புல்தரையும், துரை முகத்துக்கு நேரே அவர் சொன்ன அந்த ஒற்றை வார்த்தையும்தான். இரண்டையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நேற்று மாலை, சொன்னபடியே போனேன். கோரைக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அறைக்குள்ளிருந்து புது மாஸ்டரின் அதட்டல் வந்தது: "எவன்டா அது, தோட்டத்துல?"

பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அவர் வெளியே வந்து பார்த்தபோது, நான் குந்தி உட்கார்ந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் கிழங்கோடு.

"சபாஷ். நாளைக்கும் வா" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.