ஜன்னலுக்கு விலை சொன்னவன்

வாசல் நிலைக்குப் பொட்டு வைத்துப் பூஜை போடுவார்கள், பேரம் பேச மாட்டார்கள். வீடு கட்டுகிறவர் மிச்சம் பிடிப்பதெல்லாம் ஜன்னலில்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்து, கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டத் தொடங்கிய அறுபதுகளில், ஒரு மரக்கடையில் ஜன்னலுக்கு அளவெடுத்து விலை சொல்வது என் வேலை. அளவு நாடாவோடு அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்கு விளங்கும்.

கம்பியில் பிடித்த மிச்சம்

எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு நூல் வியாபாரி ஏழு ஜன்னலுக்கு விலை கேட்டார். தேக்கிலிருந்து வேம்புக்கு இறங்கினோம். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதுமென்றார், அதற்கும் சரி என்றேன். கடைசியில் ஜன்னலுக்கு ஒரு கம்பி குறைத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டார். சந்து அகலமாகிவிடும், வேண்டாம் என்று எங்கள் மாரப்ப ஆசாரி சொல்லிப் பார்த்தார். வியாபாரி கேட்கவில்லை. வியாபாரம் கை நழுவிவிடுமோ என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாம் மாதம் அவரே செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தார். மகள் வயிற்றுப் பேரன் கம்பிக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டானாம். நாங்கள் போனபோது மூன்று வயதுப் பிள்ளை தெருவைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தான். பெற்றவள் உள்ளே இருந்து இழுக்க இழுக்கக் காது சிவந்து வீங்கியிருந்தது. ரம்பத்தை எடுக்கச் சொன்னேன். மாரப்பர் ரம்பத்தைத் தொடவே இல்லை. இழுக்காதே என்று தாயிடம் சொல்லிவிட்டு, தெருப் பக்கம் போய் நின்று, பிள்ளையின் உடம்பை ஒருக்களித்துத் தன் பக்கமாகவே மெல்ல வாங்கிக்கொண்டார். தலை போன சந்தில் உடம்பு போகாதா? பிள்ளை அவர் தோளில் சாய்ந்து விக்கியபோதுதான் எனக்குக் கால் தரையில் பட்டது. வியாபாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, நாங் கொறைக்கச் சொன்னா, நீங்க கொறைச்சே போட்டுருவீங்களா?"

மரமா, இரும்பா

பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மர ஜன்னல் நல்லதா இரும்பு ஜன்னல் நல்லதா என்று கேட்டார். உண்மையைச் சொல்வது என் கெட்ட பழக்கம். மரத்தைக் கரையான் தின்னும், இரும்பைத் துரு தின்னும் என்றேன். அப்படியானால் சுவரே போதும் என்று எழுந்து போய்விட்டார். வந்த ஆளை விரட்டிவிட்டேன் என்று முதலாளி என்னோடு பேச்சை நிறுத்தினார். எட்டாம் நாள் அந்த மனிதரே திரும்பி வந்து, மரத்திலேயே நாலு ஜன்னல் செய்யச் சொன்னார். முதலாளியும் பேசத் தொடங்கினார். எப்படி மனம் மாறியது என்று கேட்டேன்.

"வெறுஞ் செவுத்தையே பாத்துட்டு எத்தன நாளைக்குங்க உக்காந்திருக்கறது?"

வள்ளியம்மாள் கேட்ட ஜன்னல்

ஒரு நெசவு வீட்டில் ஜன்னல் சட்டம் உளுத்துப்போய், அதே அளவில் புதிதாக வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் விலை சொன்னதும் வீட்டுக்காரர் சரி என்றார். தறியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வள்ளியம்மாள் கையை நிறுத்திவிட்டு, இதைப்போல இரண்டு மடங்கு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சுவரை இடிக்க வேண்டும், கொத்தனார் கூலி சேரும் என்று சொன்னேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. அந்தம்மா மறுபடி தறியில் கை வைக்கவில்லை. அன்று முழுக்க வைக்கவில்லையாம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கடைக்கு வந்து பெரிய ஜன்னலே செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

வைத்து ஒரு வாரம் கழித்துக் கதவு இறுக்கமாக இருக்கிறதென்று ஆள் வந்தது. போனேன். வெயில் தறிமேல் நேராக விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் எழுப்பியதிலிருந்தே இழை சரியாகத் தெரியாமல், அறுந்த நூலைக் கையால் தடவித்தான் அந்தம்மா முடிந்துவந்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சொன்னார்.

"கண்ணு போச்சுன்னு ரண்டு வருசமாப் பயந்துட்டே இருந்தனுங்க. போனது வெளிச்சந்தான்."

நாலு அங்குலம்

அவிநாசியில் சென்னியப்பன் என்பவர் வீட்டுக்கு ஏழு ஜன்னல். கிரகப் பிரவேசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, செய்து முடித்த சட்டங்களைப் பட்டறையில் பார்த்தேன். சமையற்கட்டு ஜன்னலின் உயரத்தையே ஏழுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். மற்ற ஆறும் நாலு அங்குலம் குட்டை. புதிதாக மரம் அறுத்துச் செய்ய நாள் போதாது. முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவோம் என்று பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் சென்னியப்பன் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார், காப்பி கொண்டுவரச் சொன்னார், வெயிலைப் பற்றிப் பேசினார். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. நான் அளவில் தப்பு செய்துவிட்டேன், ஆறு ஜன்னல் நாலு அங்குலம் குறைவு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஜன்னலுக்கு விட்டிருந்த இடத்தின் அடியில் புதிதாக ஒரு வரிசைச் செங்கல், பூச்சு இன்னும் காயாமல் இருந்தது. குழந்தை ஏறி நிற்குமென்று மகள் பயந்ததால், சமையற்கட்டு தவிர எல்லா இடத்திலும் உயர்த்திவிட்டார்களாம். நாடாவை வைத்து அளந்தேன். நாலு அங்குலம். இன்னொரு முறை அளந்தேன்.

"சட்டமெல்லாம் செஞ்சிருப்பீங்களே, உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு ரண்டு நாளாச் சோறு எறங்கலீங்க எனக்கு."

ஜன்னல் வாங்கியவர்களுக்கு அதன் வழியாகக் காற்று வந்தது, விலை சொன்னவனுக்கோ அது சுவரில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சே வந்தது.