ஒன்பது கட்டி ஹக்குரு

கித்துள் ஹக்குருவில் முதலில் வருவது புகை மணம், இனிப்பு அதற்குப் பிறகுதான். சுற்றியிருக்கும் கமுகம்பாளையைப் பிரிக்கும்போதே ஈர விறகும் கருகிய பாகும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறிவிடும், மற்றவர்களுக்கு நாக்கு ஊறும் நேரத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கித்துள் பனையின் பதநீரில் காய்ச்சும் கருப்பட்டியைத்தான் நாங்கள் பக்கத்துச் சிங்கள ஊர்க்காரர்களைப் போல 'ஹக்குரு' என்போம். எனக்கு அப்போது பத்து வயது, தங்கை லூர்துவுக்கு ஐந்து; யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் 'காம்பரா'வில், ஒற்றை அறையில், அம்மாவோடு இருந்தோம்.

மழை பொய்த்து, ஆறு ஓடாமல் பாறைக்குப் பாறை குட்டையாகத் தேங்கி, குட்டைகளிலிருந்து கொசு கிளம்பி, ஊரிலும் தோட்டத்திலும் வீட்டுக்கு ஒருவரையாவது காய்ச்சலில் படுக்கவைத்த வருஷம் அது. அப்பா கார்த்திகையிலேயே அந்தக் காய்ச்சலில் போய்விட்டார். மாசி பிறந்தபோது ரப்பர் மரங்களும் இலையை உதிர்த்துவிட்டு எலும்பாக நின்றன. சருகின் மேல் யார் நடந்தாலும் மலை முழுக்கக் கேட்கும், சவப்பெட்டி தூக்கிப் போகிறவர்களின் காலடி அதில் தனியாகத் தெரியும். அந்தச் சருகுச் சத்தத்தோடுதான் எங்களுக்குத் தபசு காலம் வந்தது, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு.

தோட்டத்தில் வேதக் கோயில் கிடையாது, பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் செபம் சொல்லித்தரும் உபதேசியார்தான். பகலில் ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறையவைப்பது அவர் வேலை; அந்தியில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பிரிக்கும் 'பெரட்டுக்கள'த்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, தன் கையாலேயே எழுதிய நோட்டுப் புத்தகத்திலிருந்து அன்றன்றைக்குரிய தியானத்தை வாசிப்பார். புளித்த பாலின் வாடை அவர் விரலை விட்டுப் போகாது, ஆகவே அந்தத் தாள்களும் அப்படியே மணக்கும். ஒரு நாள் சாம்பல், ஒரு நாள் தாகம், ஒரு நாள் மரம். "மரத்தப் பாருங்க. தெனம் வெட்டுறோம், தெனம் பால் குடுக்குது, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுதா? ஆண்டவரும் அப்படித்தான் நின்னாரு," என்பார். பிறகு மண்டியிட்டு, எங்கள் சின்ன ஒறுத்தல்களை ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு செபம். அது முடிந்ததும் முள்முடியை எடுப்பார்.

வாழைநாரில் திரித்த வளையம், அதில் நெருக்கமாகச் செருகிய எலுமிச்சை முட்கள். ஆண்டவருக்காக எதையாவது விட்ட பிள்ளை அதை எல்லார் முன்னும் சொல்லி, ஒரு முள்ளைப் பிடுங்கலாம். பெரிய வெள்ளிக்கு முன் முள்ளெல்லாம் போய் முடி மெத்தென்று ஆகிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் விடுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது? நாலாம் வாரம் அந்தோணி எழுந்து, "நான் கருவாடு திங்கல," என்றான். "உங்க காம்பராவுல கருவாடு ஏதுடா? கங்காணி வூட்டு வாசல்ல நின்னு மோந்து பாத்ததா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, களமே சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை. "இல்லாதத விட்டா ஒறுத்தல் ஆகாது. இருக்கிறத விடணும்," என்றார்.

என் இடுப்பிலிருந்த லூர்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்து, வயிறு மட்டும் வீங்கி, மற்றபடி கொடிபோல ஆகியிருந்தவளிடம் இருந்தது ஒன்றுதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த 'கொயினா' மருந்தை நாளுக்கு ஒரு வேளை அவள் விழுங்க வேண்டும். அந்தக் கசப்புக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொள்வாள். நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் கடைவீதி முஸ்லிம் கடைக்காரர் கேள்விப்பட்டு, ஒரு முழு ஹக்குருவை அம்மா கையில் வைத்து, "சின்னவளுக்குக் குடு தங்கச்சி. வெறும் வாயில அது எறங்காது," என்றாராம். அம்மா அதைக் கத்தியின் பின்புறத்தால் தட்டித் துண்டாக்கித் தகரடப்பாவில் வைத்திருந்தாள். விடியுமுன் பால் வெட்டப் போகும்போது ஒரு கட்டியை மட்டும் வெளியே எடுத்து வைப்பாள். மருந்து கொடுப்பது என் பொறுப்பு.

மறுநாள் லூர்து கட்டியைத் தள்ளிவிட்டாள். "இன்னைக்கு நான் விடுறேங்க்கா." மருந்தைக் கண்ணை மூடிக் குடித்தாள், குடித்தது பாதி, வழிந்தது பாதி. அன்று அந்தியில் என் இடுப்பிலிருந்தபடியே, "ஹக்குரு," என்று ஒரே வார்த்தை சொன்னாள். உபதேசியார் அவள் கையைப் பிடித்து முள்ளைப் பிடுங்கவைத்து, "பெரிய புள்ளைங்க எல்லாம் பாத்துக்கங்க," என்றார். எல்லாரும் பார்த்தார்கள். அவளைச் சுமந்து வந்த என்னையும் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வயதில் அதை மறைத்து எழுதுவதில் ஒரு பயனும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் வாந்தியெடுத்தாள். நான்காம் நாளிலிருந்து மருந்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அடுப்படிக்குத் தவழ்ந்து போய்ச் சாம்பலில் துப்பினாள். "அம்மாட்ட சொல்லாத. சொன்னா ஹக்குருவத் திங்கச் சொல்லும். முள்ளு நிக்கும்." நான் சொல்லவில்லை. சாம்பலைக் கிளறி ஈரத்தை மூடினேன். அம்மா களைத்து வந்து, "மருந்து குடிச்சாளாடி?" என்று கேட்பாள், போத்தலில் மருந்து குறைந்திருந்ததால் நான் தலையாட்டினால் போதும். ஒன்பது நாள், ஒன்பது முள். பத்தாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. அதற்கு மறுநாள், குருத்தோலை ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கும்போது, நண்பகலில் போய்விட்டாள்.

சவக்காலையில் உபதேசியார் முள் குறைந்த அந்த முடியைப் பெட்டியின் மேல் வைத்து அழுதார். "மருந்துக்கு மேல திங்கிற ஒரு துண்டு கருப்பட்டி. அதையும் ஆண்டவருக்கு விட்ட புள்ள இது," என்றார். வேலைவிட்டு வந்து உலை வைக்கிற அம்மா ஒரு நாளும் பெரட்டுக்களத்துக்கு வந்ததில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும், எரிப்பதற்காக லூர்து படுத்திருந்த சாக்கை உருவினாள். சுவரோரம் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. சாக்குக்கு அடியில் ஒரு சிரட்டை, அதில் ஒன்பது கட்டி. உயிர்த்த ஞாயிறன்று நாம் மூன்று பேரும் தின்போம் என்று அவள் சேர்த்துவைத்தது. அது எனக்குத் தெரியும். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"மருந்து உள்ள போச்சா?"

நான் அடுப்புச் சாம்பலைப் பார்த்தேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

புனித வாரத்தில் காய்ச்சல் என்னைப் பிடித்தது. மூன்றாம் நாள் அம்மா வேலைக்குப் போகாமல் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள், மறு கையில் அந்தச் சிரட்டை. எறும்பெல்லாம் தட்டி, கழுவி, வெயிலில் வைத்திருந்தாள். மருந்தை ஊற்றினாள். "தின்னு," என்றாள். நான் முடியாதென்று வாயை மூடிக்கொண்டேன். "ஒன்னையும் விடக் கூடாது. தின்னுடி." தின்றேன். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, ரப்பர் ஒட்டுப்பால் நாறும் சுட்டுவிரலை உள்ளே விட்டு, இரண்டு கன்னத்தையும் நாக்கின் அடியையும் வழித்துப் பார்த்தாள். ஒன்பது நாளும் அப்படியே. கடைசிக் கட்டி தீர்ந்தபோது எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

உபதேசியார் அடுத்த தபசு காலத்தில் தியானம் வாசித்தார். முடியை மட்டும் எடுக்கவில்லை. இன்று அந்த மலையில் பழைய மரம் ஒன்றுகூட இல்லை, வெட்டி மறுநடவு செய்துவிட்டார்கள், சவக்காலையின் பாதிக்கு மேல் புது ரப்பர் வரிசை ஓடுகிறது. லூர்து எந்த மரத்தின் கீழ் என்று எனக்குத் தெரியாது. மருந்தடித்துக் கொசுவையும் ஒழித்தார்கள், லயத்துப் பிள்ளைகள் கொயினாவின் பேரைக்கூடக் கேட்டதில்லை.

இந்த வருஷம், தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, எதை விடப்போகிறோம் என்று எழுதிப் பெட்டியில் போடும்படி இளைய சாமியார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நான் எழுதாமலே மடித்துப் போட்டேன். திரும்பும் வழியில் கடையில் ஒரு ஹக்குரு வாங்கி, பாளையைப் பிரித்து, நடுரோட்டில் நின்று ஒரு துண்டைக் கடித்து, மென்று விழுங்கினேன். பிறகு என்னையறியாமல் வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். விரல் எதுவும் வரவில்லை.