அயோவாவில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை

லெஃப்டி காரைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். தலைக்கு மேல் பாலத்தில் ரயில் தடதடத்துப் போகிறது. அவர் குனிந்து பின்பக்க பம்பரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். பிறகு நாலு மூலையிலிருந்தும் போனில் படம் எடுக்கிறார். நேற்று வண்டியை நிறுத்தியபோது எடுத்த படங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பார். "நாளைக்கு எவனாவது வந்து, நீ என்னை இடிச்சேன்னு சொல்ல முடியாது பாரு," என்பார் என்னிடம். யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கு நான் ஆபீஸ் போன மாதிரிதான்.

முழுப்பெயர் லெஃப்டெரிஸ் காரஸ். நியூயார்க்கில் இந்த அஸ்டோரியா பேட்டையிலேயே பிறந்து, வளர்ந்து, தலை நரைத்தவர். எங்கள் கட்டடத்தில் நான் இரண்டாவது மாடி; அவரும் அவர் மனைவி போப்பியும் நான்காவது மாடி. கார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்யாகப் பணம் கேட்டு வருகிறவர்களைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. "ஒரு வண்டி. உள்ள ஆறு பேரு. ஆறு பேருக்கும் ஒரே இடத்துல கழுத்து வலி. ஆறு பேரும் போனது ஒரே டாக்டர்கிட்ட. நம்பச் சொல்றியா?" இப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது. வேலை ஆளுக்குள் இறங்கிவிட்டது. முனைக் கடையில் கீரை பஃப்ஸ் வாங்கினால், மேல் மடிப்பைத் தூக்கி உள்ளே இருப்பது கீரைதானா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். கடைக்காரர் அவருடைய சொந்தச் சித்தப்பா மகன்.

போனில் 'ஆமாம்' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வராது. அதைப் பதிவுசெய்து வேறெங்காவது ஒட்டிவிடுவார்களாம். "லெஃப்டெரிஸா பேசறது?" என்று கேட்டால், "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். ஒருநாள் நான் கிண்டலாக, கல்யாணத்தன்று பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது என்னப்பா பண்ணினாய் என்றேன். "எங்க கிரேக்க சர்ச்சுல பாதிரியார் மாப்பிள்ளையை எதுவும் கேக்கமாட்டார்டா. அதனால தப்பிச்சேன்." உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த போப்பி, "தப்பிச்சது நீயில்ல, பாதிரியார்" என்றாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் கம்பெனி வந்து, அயோவாவில் டெமாய்ன் என்ற ஊருக்கு வா என்று சொல்லியிருக்கிறது. நியூயார்க் கிளையை மூடுகிறார்கள். சம்பளம் அதேதான், வீடு மாற்றுகிற செலவும் கம்பெனியுடையது. வராதவர்களுக்கு வேலை இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

லெஃப்டிக்கு வயது ஐம்பத்தாறு. இந்த வயதில் இந்த ஊரில் யார் புதிதாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்? அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் போப்பியோடு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். "அதே சம்பளமாம்! எவன்டா தருவான்? இங்க இருக்கிறவன் எவனும் அந்த சோளக்காட்டுக்குப் போகமாட்டான்னு அவங்களுக்குத் தெரியும். போகலன்னா நாமளா விலகின மாதிரி. அவங்க கை சுத்தம். எப்படி இருக்கு கதை?"

"வீட்டு விலையைச் சொல்லு அவர்கிட்ட," என்றாள் போப்பி.

"அதைத்தான் சொல்ல வர்றேன். நம்ம பாத்ரூம் விலைக்கு அங்க முழு வீடு, தோட்டத்தோட. ஏன் அவ்வளவு மலிவு? அடியில என்னத்தைப் புதைச்சிருக்காங்களோ!"

கம்பெனி செலவில் போன வாரம் இருவரும் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே நடந்ததைப் போப்பிதான் சொன்னாள். பாதி சிரிப்பு, பாதி எரிச்சல். நாலு தெரு சேர்கிற இடம், சிக்னல் கிடையாது. எல்லாரும் நின்று, வந்த வரிசைப்படி போக வேண்டும். லெஃப்டி நிறுத்தினார். எதிரே ஒரு பெண்மணியும் அதே நேரம் நிறுத்தினாள். அவள் சிரித்துக்கொண்டே, நீங்கள் முதலில் போங்கள் என்று கையைக் காட்டினாள்.

லெஃப்டி உறைந்துவிட்டார்.

"பின்ன?" என்று இடையில் புகுந்தார் அவர். "இது எத்தனை ஃபைல்ல பாத்திருக்கேன்! போ போன்னு கையைக் காட்டுவான். நம்பி நகர்ந்தா வந்து இடிப்பான். போலீஸ் வந்தா, நான் எங்க கையைக் காட்டினேன்னு கேப்பான். அப்புறம் ஆறு பேருக்குக் கழுத்து வலி."

"அது ஒத்தப் பொம்பளை, லெஃப்டி. பின் சீட்டுல ஒரு நாய்."

"நாயை வெச்சு நம்பிக்கை வரவழைக்கறது."

அதனால் அவர் நகரவில்லை. பதிலுக்கு, நீ போ என்று அவளுக்குக் கையைக் காட்டினார். அந்த ஊர்ப் பெண்ணும், அடுத்தவருக்கு முன்னால் தான் எப்படிப் போவது என்று நகரவில்லை. மறுபடி கை. மறுபடி சிரிப்பு. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. வரிசை நீண்டுகொண்டே போனது, ஆனால் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. லெஃப்டிக்கு வியர்த்ததே அதனால்தான். "ஒருத்தன்கூட திட்டலடா! எல்லாரும் கூட்டா இருந்தாத்தான் அப்படி அமைதியா இருப்பாங்க."

கடைசியில் அந்தப் பெண்மணி இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். இவர் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு அவளைப் படம்பிடிக்கத் தொடங்கினார். போப்பி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"வண்டி நின்னுபோச்சாம்மா? என் பையன்கிட்ட பேட்டரிக்குப் போடற கேபிள் இருக்கு, வரச் சொல்லட்டுமா? எந்த ஊரு நீங்க?"

"நியூயார்க்."

"அட பாவமே!" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனாள். சர்ச்சுக்கு எடுத்துப்போன தட்டிலிருந்து பேரீச்சம்பழக் கேக்கில் இரண்டு துண்டை எடுத்து, காகிதத்தில் சுற்றி வந்து கொடுத்தாள். லெஃப்டி அதைத் தொடவில்லை. போப்பி இரண்டையும் தின்றுவிட்டாள்.

"சாட்சியத்தைத் தின்னுட்டா," என்றார் லெஃப்டி என்னிடம்.

நான் சிரித்தேன். போப்பி சிரிக்கவில்லை. அவள் தையற்கடையில் நாளெல்லாம் நிற்கிறவள், முழங்கால் போய்விட்டது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏற முடியும்.

"அந்த வீட்டுல படியே இல்ல," என்றாள் என்னைப் பார்த்து. "அடுப்பங்கரையிலேர்ந்து படுக்கையறைக்கு நடந்தேன். அங்கேர்ந்து தோட்டத்துக்கு நடந்தேன். திரும்ப வந்தேன். வலிக்கல. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

லெஃப்டி குரலைத் தாழ்த்தினார். "அங்க நீ என்ன பண்ணுவே? நடந்துபோய் ரொட்டி வாங்க ஒரு கடை கிடையாது. உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் வேலைக்குப் போயிட்டா நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே. ஆறே மாசத்துல பைத்தியம் பிடிச்சிடும்."

"ஏன் தெரியாது? யாரு விடல?"

அவர் முப்பது வருடமாக நொறுங்கின கார்களின் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறவர். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கின் பின்னால் போப்பியை வைத்துப் பார்த்திருக்கிறார். இதை அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

போப்பி பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வண்டி ஓட்டப் பழகுவதற்கான அனுமதி அட்டை. போன மாதம், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பஸ் பிடித்துப் போய்ப் பரீட்சை எழுதி வாங்கியிருக்கிறாள். லெஃப்டி அதை எடுத்தார், முன்னும் பின்னும் திருப்பினார், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து அசல்தானா என்று பார்த்தார்.

"கடவுளே, இந்த ஆளோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறேன்!" என்றாள் போப்பி. இந்தத் தடவை அவள் குரல் உடைந்திருந்தது. எனக்கும் லெஃப்டிமேல் கோபம் வந்தது. பெண்டாட்டியையுமா சோதிக்க வேண்டும்? சொல்லியும் விட்டேன். அவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வந்து என் கதவைத் தட்டினார். "சும்மா கார்ல பின்னால வந்து உக்காரு. ஒரு ஆள் கூட இருந்தா நல்லது."

ஆற்றங்கரைப் பக்கம் மூடிக் கிடக்கும் கிடங்கு ஒன்றின் முன்னால் வெற்று மைதானம். அங்கே நிறுத்தி, இறங்கி, சாவியைப் போப்பி கையில் கொடுத்தார். அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், ஜபம் போல ஏதோ முணுமுணுத்தாள். வண்டி குதித்தது, நின்றது. மறுபடி குதித்து நகர்ந்தது.

அவள் ஒவ்வொரு முறை திருப்பும்போதும், பக்கத்தில் இருந்த லெஃப்டியின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி ஓங்கித் தரையை மிதித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் போப்பி பயந்து நிறுத்திவிடுவாள். மறுபடி கிளப்புவாள். அவர் மறுபடி மிதிப்பார்.

"லெஃப்டி, உன் காலு!" என்று கத்தினாள் போப்பி.

அவர் குனிந்தார். இரண்டு ஷூவையும் கழற்றினார். கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்து, அந்தப் பெரிய உடம்பை எப்படியோ ஒடுக்கிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.