ஏழு பொத்தான் பார்க்க எட்டு மைல்

புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி. தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் வாசலில் என் மச்சாள் பிலோமினா கோட்டுப் பொத்தான்களோடு, எங்கள் பேச்சில் தெறிகளோடு, மல்லுக்கட்டிக்கொண்டு நின்றா. என் கணவருடைய தங்கை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். எனக்குப் பொறுமை இல்லை. கையைத் தட்டிவிட்டு ஐந்து தெறியையும் நானே பூட்டினேன்.

"நான் என்ன பாலர் வகுப்புப் பிள்ளையே?"

"பதினொன்று ஐம்பத்திரண்டு ரயில் உம்மடை கோட்டுக்காக நிக்காது. நடவும்."

எங்கள் தேவாலயப் பங்குச் சஞ்சிகையில் மற்றவர்கள் லூர்துக்குப் போனதையும் உரோமாபுரிக்குப் போனதையும் எழுதுகிறார்கள். நான் போனது எட்டு மைல். அந்த எட்டு மைலை ஆயிரக்கணக்கான தரம் போய்வந்திருக்கிறேன். ஆனால் ஒருநாளும் முன்வாசலால் போனதில்லை. பத்தொன்பது வருசம் ஒரு பெரிய தியேட்டரின் நிலக்கீழ் அறையில் நாடக நடிகர்களுடைய உடுப்பைத் தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கினவள் நான்.

ரயில் காசு இல்லை, முதியோர் பாஸ். தியேட்டர் டிக்கட் ஆளுக்கு நாற்பத்தைந்து பவுண். அதைத்தான் மச்சாளுக்குத் தாங்க முடியவில்லை.

"நாற்பத்தைந்து பவுண் குடுத்து ஒரு கிழவனைப் பாக்கப் போறம். ஒரு பவுண் மெழுகுதிரி கொளுத்தினால் அந்தோனியாரையே பாக்கலாம்."

"அந்தோனியார் எங்கையும் போகார். இந்த மனுசனுக்கு இதுதான் கடைசி நாடகமாம்."

அந்த நடிகருடைய பெயரை நான் எழுதமாட்டேன். லண்டனில் பேர்போன நடிகர்கள் கனபேர். கீழே நாங்கள் அவரைப் 'பதினாறு' என்போம். அது சட்டைக் கழுத்தின் அங்குல அளவு. முதலில் நான் மினுக்கின சேட் பதினைந்தரை. அப்போது பட்டாளத்துத் தளபதியாக நடித்தார், முதுகெல்லாம் வேர்வை. பிறகு பதினாறு. பிறகு படம் நடிக்க அமெரிக்கா போய், உலகமெல்லாம் பேர் எடுத்து, பதினேழரையோடும் வெள்ளைப் பல்லோடும் திரும்பி வந்தார். ராணி 'சேர்' பட்டம் கொடுத்தா. கீழே வந்தபோது பதினாறு என்றே கூப்பிட்டோம், சிரித்தார்.

இறைச்சிக்கடைக்காரரின் மகன். மேடை இரத்தக்கறைக்கு நான் சுடுதண்ணீர் எடுத்ததைக் கண்டு, "பச்சைத் தண்ணீர், மிஸஸ் அந்தோனி. என் அம்மா அப்பாவின் ஏப்ரன் தோய்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்" என்றார். அந்த வேலையை எனக்குச் சொல்லித்தந்த ஒரே நடிகர் அவர்தான்.

பன்னிரண்டு இருபதுக்கு விக்டோரியா. அங்கிருந்து முப்பத்தெட்டாம் நம்பர் பஸ், மேல்தட்டில் முன் சீட். ஷாஃப்ட்ஸ்பரி அவெனியூ வளைவில், நாடக விளம்பரத்தில், அவருடைய முகம் ஒரு வீட்டளவு பெரிதாகத் தொங்கியது.

"இவரோ? கழுத்து மெலிஞ்சு போச்சு" என்றா மச்சாள்.

"பதினைந்துக்கு வந்திட்டார்" என்றேன். நான் தேடினது அவருடைய வலதுகையை, அது படத்தில் இல்லை.

ஏன் என்று சொல்லவேணும். ஏழு வருசத்துக்கு முன் ஒரு காலையில் அவருடைய சேட்டில் பொத்தான் துளை இரண்டு கிழிந்து கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. பல்லால் இழுத்த அடையாளம். பிறகு படிக்கட்டில் கண்டேன், வலதுகை நடுங்க, அதை இடதுகையால் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாச் சேட்டுக்கும் உள்ளே, அமுக்கினால் பூட்டுகிற பிரஸ் பட்டன் தைத்து, மேலே பொத்தானைச் சும்மா பார்வைக்கு வைத்தேன். உடுப்பைக் கெதியாக மாற்றத்தான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அன்று பின்னேரம் கீழே வந்து, சேட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, "நன்றி, மிஸஸ் அந்தோனி" என்றார். அவ்வளவுதான். நான் வேலையை விட்டு நிற்கும்வரை மூன்று வருசம், அதைப் பற்றி வேறு பேச்சு இல்லை.

போன கிழமை என்னோடு வேலை செய்த மொறீன் போன் எடுத்தா. புது நாடகத்தில் மேடையில் நின்று சேட்டைத் தானே பூட்டுகிறாராம். பிரஸ் பட்டன் வேண்டாம், பொத்தானே வை என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கை சனத்துக்கு முன்னால் அவரைக் கைவிட்டால்? டிக்கட் எடுத்தது அதற்குத்தான்.

ஒரு மணிக்குத் தெருவோர வாங்குப் பலகையில் இருந்தபடி, எங்கள் பகுதித் தமிழ்க்கடையில் வாங்கிக் கொண்டுபோன மீன் ரோல்ஸ் சாப்பிட்டோம், ஒன்று ஒன்றரைப் பவுண். இரண்டு மணிக்கு நான் வேலை செய்த தியேட்டரின் முன்வாசல். பித்தளைக் கைபிடி, சிவப்புக் கம்பளம். டிக்கட் பார்த்த பெடியன் "வெல்கம், மேடம்" என்றான். அந்தச் சொல்லுக்கே பாதிக் காசு சரி. மேல்தட்டுக்கு அறுபத்துநாலு படி, எண்ணினது மச்சாள்.

எனக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், கேட்டால் விளங்கும். சலவை அறைச் சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. அவர் அங்கே நடித்த ஒன்பது நாடகமும் எனக்குக் காதால் பாடம். அன்றைக்குத்தான் மேடையில் குரலோடு ஆளையும் கண்டேன். இரண்டு அடி வைத்தார், எண்ணூறு பேரும் இருமலை நிறுத்தினார்கள். இவ்வளவு காலமும் இதற்கோ மினுக்கினேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இடைவேளையில் ஐஸ்கிரீம் ஐந்து பவுண். மச்சாள் கரண்டியையும் நக்கினா.

மூன்று ஐம்பதுக்கு அந்த இடம் வந்தது. மகளின் கலியாணத்துக்கு வெளிக்கிடும் கிழத் தகப்பன். வெள்ளைச் சேட், ஏழு பொத்தான். செத்துப்போன மனைவியோடு கதைத்தபடி கீழிருந்து பூட்டத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது நழுவியது. திரும்பப் பிடித்தார். மடியில் என் விரல்களும் சேர்ந்து பூட்டின. நாலாவதில் கை நின்றுவிட்டது. பேச்சும் நின்றது. இறங்கி ஓடிப்போய்ப் பூட்டிவிடலாம் போல இருந்தது, அறுபத்துநாலு படி.

அவர் அவசரப்படவே இல்லை. தன் கையைக் குனிந்து பார்த்தார், குறும்புக்காரப் பிள்ளையைப் பார்க்கிறமாதிரி. பிறகு நாலு. ஐந்து. ஆறு. கடைசியில் கழுத்துப் பொத்தான். நாடியை உயர்த்தி, அதையும் பூட்டினார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

மச்சாள் என் காதுக்குள் சொன்னா: "என்ன நடிப்பு! கை நடுங்கிறதை எப்பிடிச் செய்யிறான் மனுசன்!"

"ஓம். கெட்டிக்காரன்" என்றேன்.

முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. வெளியே வந்தபோது மச்சாள், "பின்வாசலுக்குப் போவமே? உம்மைக் கண்டால் சந்தோசப்படுவார்" என்றா. நான் வேண்டாம் என்றேன். முன்வாசலால் வந்தேன், முன்வாசலாலேயே போகிறேன்.

விக்டோரியாவில் ஐந்து இருபது. பங்குனிக் குளிர். மச்சாள் மறுபடியும் கோட்டோடு நின்றா. நான் கையை நீட்டவில்லை.

"மச்சாள், அதுக்கு உள்ளுக்குப் பிரஸ் பட்டன் வைச்சுத் தரட்டே? ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன்? நடிப்போ நிசமோ, அந்தக் கிழவன் ஏழும் போட்டுத்தானே விட்டது. எனக்கு அஞ்சு ஏலாதே?"

"ரயில் போகப்போகுது."

"போகட்டும்."

போனது. மச்சாள் இரண்டாவது தெறியில் நின்றா. பையை நிலத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றேன். பத்தொன்பது வருசமாக அந்த ஸ்டேஷனில் ஓடி ஓடி ரயில் பிடித்தவள் நான். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன், அதன் கூரை எவ்வளவு உயரம் என்று.