தம்பிக்குத் தண்ணிதான் பிரச்சினை

கழிவறைக்குள் பீங்கான் மூடி உரசும் சத்தம் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள் பெர்னிஸ். அவள் தம்பி வாலண்டைன் ஃபிளஷ் தொட்டியைத் திறந்து, சோப்பு டப்பாவால் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சந்தான்க்கா. தொண்ட எரியுது லா.”

நாற்பத்தாறு வயது. வாலிபத்திலேயே மனம் சிதறிப்போனவன். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கின. இந்தத் தாகம் அடங்கவில்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிரே போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒருமுறை வலிப்பும் வந்துவிட்டது. அதிலிருந்து வாசலில் தண்ணீர் மீட்டரின் வால்வை மூடிவிட்டுத்தான் பெர்னிஸ் அடுப்படிக்கே போவாள்.

“பெர்னிஸ்! கதவத் தொற!”

தம்பியைக் கையோடு இழுத்துவந்து திறந்தாள். ஜெபக்குழு உர்சுலா ஆன்டி. இடுப்பில் குழந்தைபோல ஒரு பெரிய பாட்டில். “மந்திரிச்ச தீர்த்தம்மா. தம்பிக்குன்னே வாங்கினேன்.”

பெர்னிஸுக்குப் பகீரென்றது. ஏன் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை என்று ஆன்டி கேட்டபோது, “தம்பிக்குத் தண்ணிதான் பிரச்சினை ஆன்டி” என்று சொன்னவள் அவள்தானே! ஆன்டி அதைச் சாராயமென்று எடுத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை. குடிகாரன் என்றால் கிள்ளானில் பரிதாபப்படுவார்கள். பைத்தியம் என்றால் வாசலை மிதிப்பார்களா?

அதற்குள் பாட்டில் வாலண்டைனின் வாயில் இருந்தது.

“குடிப்பா ராசா, ஒரு சொட்டு விடாம!”

“ஐயோ வேணாம் ஆன்டி! தண்ணி குடிச்சா செத்துடுவான்!”

“அதத்தானே நானும் சொல்றேன்!”

“அந்தத் தண்ணி இல்ல ஆன்டி. பச்சத்தண்ணி! அவனுக்கு... அவனுக்கு மனசு சரியில்ல.” இத்தனை வருடம் விழுங்கிய சொல், கண்ணீரோடு வெளியே வந்தது.

“பச்சத்தண்ணி குடிச்சு யாரும்மா செத்தா?”

பெர்னிஸ் பாட்டிலைப் பிடுங்கியபோது அதில் பாதிகூட மிச்சமில்லை. “தீர்த்தங்க்கா... கொட்டினா பாவம்...” வாலண்டைனின் நாக்குக் குழறியது. கால் தள்ளாடி, அவள் மேலேயே சாய்ந்தான். வலிப்பு வந்த அன்றும் இப்படித்தான் தொடங்கியது.

உர்சுலாவின் முகம் மாறியது. “காலையிலயே ஊத்தியிருக்கான்! இத மறைக்கத்தான் இந்தக் கதையா?”

“சத்தியமா இல்ல ஆன்டி! கார்லதானே வந்தீங்க? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம், உங்க கால்ல விழறேன்!”

“கார்ல வாந்தி எடுக்கவா? தெளிஞ்சதும் கூப்பிடு. ஜெபம் பண்றேன்.”

தம்பியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு பெர்னிஸால் ஓரடி நகர முடியவில்லை. “ஆன்டி! ஆன்டி!” என்று கதறினாள். உர்சுலா திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.