தேயிலை இல்லாத சரிவு

கண்டியில், மஹய்யாவவுக்கு மேலே நாங்கள் வீடு கட்டிய காணி, பின்கதவைத் திறந்தால் நேரே கீழே இறங்கும். வீட்டு வேலை முடிந்ததும் அந்தச் சரிவைத் தோட்டமாக்கும் ஆசை எனக்கு வந்தது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலைகளில் காகிதத்தில் வரைவேன். நடுவில் கல் படிகள், இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் பாத்திகள், மண் சரியாமலிருக்க ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் தேயிலைச் செடிகள். நானும் அக்காவும் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளமாகவும் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா எங்களோடு இருக்க வந்தாள். மழைநாள் ஒன்றில் கொழுந்துக் கூடையோடு மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் அவளால் நடக்க முடியாது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். எஸ்டேட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைக் கன்றுகளை வாங்கி வந்து பின்வாசலில் இறக்கினேன். அக்கா கதிரையில் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

“இது எதுக்குடா?”

“ஓரத்துல வைக்கத்தான் அக்கா. மண்ண பிடிச்சிக்கும். பாக்கவும் அழகா இருக்கும்.”

“யாருக்கு அழகு?”

நான் சாய்ந்திருந்த ஒரு கன்றை நிமிர்த்தி வைத்தேன்.

“இத்தன வருஷமும் இது மூஞ்சியிலதான் முழிச்சேன். இங்கயுமா? துளிர் விட்டா என் கை சும்மா இருக்காதுடா.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விரல்களை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள். சிறு வயதிலேயே படிக்கக் கண்டிக்கு வந்துவிட்ட எனக்குத் தேயிலை என்பது பஸ் ஜன்னலில் ஓடும் பச்சை. அவளுக்கு அது அப்படியில்லை.

என் மனைவி வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள்.

“படியும் வேணாங்க. அக்கா எப்படி இறங்குவாங்க?”

படிகளை அழித்தேன். சரிவின் குறுக்கே இந்தப் பக்கம் போய், வளைந்து, அந்தப் பக்கம் திரும்பி, மெல்ல மெல்ல இறங்கும் ஒரு பாதை வரைந்தோம். “பாதைக்கே பாதி இடம் போயிருமே, சேர்” என்றார் கட்டு வேலைக்கு வந்த மேசன் பாஸ். போகட்டும் என்றேன். கன்றுகளை மடவளையிலிருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர் எடுத்துப் போனார்.

என்ன நடுவது என்று அக்காவிடமே கேட்டேன்.

“பறிக்கிற மாதிரி ஒண்ணும் வேணாம். பூக்கட்டும், அதுபாட்டுக்கு உதிரட்டும்.”

மண்ணைப் பிடிக்க ஓரங்களில் வெட்டிவேர் வைத்தோம். மற்ற இடமெல்லாம் கடதாசிப்பூவும் செவ்வந்தியும். முதல் பெருமழையில் ஒரு வளைவு சரிந்தது. கல் அடுக்கித் திரும்பக் கட்டினோம். அதற்குப் பிறகும் பல வாரம் அக்கா பின்வாசலைத் தாண்டவில்லை. ஈர மண்ணைக் கண்டாலே அவளுக்குப் பயம்.

ஒரு காலை கதிரையில் அவளைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், கீழ் வளைவில் தனியாக நிற்கிறாள். நான் பதறி இறங்கினேன்.

“ஓடி வராதடா, நீ விழுந்துறப் போற!” என்று கத்தினாள்.

பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

“மலையில நான் சும்மா நின்னதே இல்ல. நின்னா கங்காணி சத்தம் போடுவாரு. கொஞ்சம் நிக்கிறேன், விடு.”

நானும் நின்றேன். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனேன்.